பாலத்துப் பலகையில் ஒரு கறுப்பு

நனைந்த மரத்தின் மணம் மூக்கில் ஏறினால், அது இப்போது நான் குடியிருக்கும் பிளேஸ்டோவில் யாரோ கழற்றிப்போட்ட பழைய வேலிப் பலகையாக இருந்தாலும்கூட, சுவிஸில் நாங்கள் அகதிகளாக இருந்த கிராமத்து மரப்பாலம்தான் எனக்கு நினைவுக்கு வரும். ஆற்றின்மேல் நீளமான வீடுபோலக் கூரையும் சுவரும் வைத்துப் பல நூறு வருடங்களுக்கு முன்பு கட்டியது. எங்கள் ஆட்கள் அதைக் "கூரைப்பாலம்" என்பார்கள். நடுவில் சிறு மாடத்தில் ஒரு மரச்சிலை நின்றது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அப்பாவுக்கு வேலை கிடைத்த வெள்ளிக்கிழமை, கோயில் இல்லாத அந்த ஊரில், அம்மா அந்தச் சிலைக்கு முன்னால் பலகையிலேயே கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டார். நெருப்பு மூட்டக் கூடாது என்ற அறிவிப்பு தலைக்குமேல் தொங்கியது. வீட்டில் அந்த ஊர் மொழி வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கூச்சத்தில் வாய் திறக்கவில்லை. பலகையில் உள்ளங்கையளவு கறுப்பு விழுந்தது.

மறுநாள், தமிழர் இருந்த ஒரே வீடு என்பதால், ஊர் அலுவலர் நேரே எங்களிடம் வந்தார். எங்கள் அகதி வழக்கு முடியாத நேரம். அப்பா என் காதருகே குனிந்தார்.

"மேல்மாடி ரத்தினம் எண்டு சொல்லு பிள்ளை. அவன் தனி ஆள், சமாளிப்பான்."

சொன்னேன். ரத்தினம் அண்ணை உணவகத்தில் கோப்பை கழுவுபவர். அவருக்கு அந்த மொழியில் வரும் கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்வேன். அதிகம் பேசாத என்னை "ஊமை டீச்சர்" என்று பகிடி பண்ணிச் சொக்லேட் தருவார். அலுவலர் அவரைக் கூப்பிட்டு நீளமாக ஏச, அவர் என்னைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை சொல்லுறார்?"

"பாலத்தாலை கவனமாப் போகட்டாம்."

அவர் சிரித்தபடி "யா, யா" என்று ஆமாம் போட்டுத் தலையாட்டினார். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அலுவலர் எழுதிக்கொண்டார். அடுத்த கிழமை அவரை வேறு ஊர் முகாமுக்கு மாற்றினார்கள். ஏன் என்று தெரியாமலே, பையுடன் பாலத்தைக் கடக்கையில் எனக்குக் கை காட்டிவிட்டுப் போனார். பிறகு வழக்கு முடிந்து எங்களுக்கு அங்கேயே இருக்க விசா கிடைத்தது. அன்று அம்மா வைத்த பாயசத்தை நான் குடிக்கவில்லை என்று எழுத ஆசைதான், குடித்தேன்.

போன கோடையில் மகளுடன் அங்கே போனேன். நடைபலகை எல்லாம் புதிது. குனிந்து தேடியும் கறுப்பைக் காணவில்லை. அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"மாத்திப்போட்டாங்களோ? நல்லதாப் போச்சு."

ரத்தினம் அண்ணையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அறிவிப்பு மட்டும் பழைய இடத்திலேயே தொங்கியது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மகள் கேட்டாள்.

"பாலத்தாலை கவனமாப் போகட்டாம்" என்றேன்.