லீவுக்கு ஒரு வீடு

வெள்ளிக்கிழமை மதியம் ஆகிவிட்டால் நார்வேயின் பெர்கன் நகரத்து ஜனங்களுக்கு ஏதோ ஆகிவிடும். திறந்தால் சுடுதண்ணீர் கொட்டும் குழாயும், காலை வைத்தால் கதகதவென்றிருக்கும் தரையும் உள்ள வீட்டைப் பூட்டிவிட்டு, குழாயே இல்லாத இன்னொரு வீட்டைத் தேடிக் காரில் வரிசை கட்டி மலையேறுவார்கள். அங்கே தண்ணீரைக் கேனில் சுமக்க வேண்டும், அடுப்புக்கு விறகு பிளக்க வேண்டும், கக்கூசுக்குப் பனியில் நடந்து போக வேண்டும். இத்தனையும் பட்டுவிட்டுத் திங்கட்கிழமை வந்து, "என்ன கூஷெலி!" என்பார்கள். கூஷெலி என்றால் மனசுக்கு இதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டாவது வீட்டுக்குப் பெயர் ஹித்தே. அகராதியைப் பார்த்தால் குடிசை என்று போட்டிருக்கிறது.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் என்னோடு ஷிஃப்ட் பார்ப்பவள் அன்னே. நான் வந்த புதிதில், "உங்கள் நாட்டில் உங்களுக்கு ஹித்தே இருக்கிறதா?" என்று கேட்டாள். "இருந்தது, இடித்துவிட்டோம்" என்றேன். பதறிப்போனாள். "தண்ணீர்ப் பக்கமாகவா இருந்தது?" என்றாள். "ஆமாம், ஏரிக்கரை." ஏரிக்கரை ஹித்தேயை யாராவது இடிப்பார்களா என்று அன்று முழுவதும் என்னைப் பரிதாபமாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐப்பசி மழைக்கு அந்த ஏரி குடிசைக்குள்ளேயே வந்துவிடும் என்று எடுத்துச் சொல்ல, அப்போது எனக்கு அவர்கள் பாஷை போதவில்லை.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில், பெருமுக்கல் மலை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் எங்கள் காலனி. அப்பா திண்டிவனத்து மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கினார். அரசாங்கம் கொடுத்ததும் அவர் சேர்த்ததுமாகக் குடிசையைப் பிரித்து இரண்டு அறை காங்கிரீட் வீடு கட்டியபோது, தளம் போட்ட அன்று வேலைக்காரர்களுக்கெல்லாம் கேசரி கிண்டிப் போட்டார். குடிசையிலிருந்து வெளியே வருவதுதான் எங்கள் வீட்டில் முன்னேற்றம் என்பதற்கு அர்த்தம். அதிலிருந்து இவ்வளவு தூரம் வந்த பிறகு, எல்லோரையும் பார்த்து எனக்கும் ஒரு ஹித்தே வேண்டும் என்று ஆசை வந்ததே, அதை என்னவென்று சொல்வது.

என் கணவர் சேவியர் விழுப்புரத்துக்காரர். குளிர்காலம் முழுக்க இருவரும் உட்கார்ந்து நம் பக்கம் வீடு விற்கிற வீடியோக்களாகப் பார்த்தோம். விடுமுறை வீடு வாங்க முதலில் லொகேஷன் பார்க்க வேண்டும், கடல் தெரிய வேண்டும், விமான நிலையத்திலிருந்து கார் போகிற தூரமாக இருக்க வேண்டும், நாம் இல்லாதபோது வாடகைக்குப் போக வேண்டும் என்றெல்லாம் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் வகுப்பெடுப்பார். "வீட்டைக் கட்டிப் பார்னு சொன்னவன் இவன் வீடியோவப் பார்த்ததில்ல" என்று சேவியர் சிரிப்பார். எங்கள் கிராமத்திலேயே வாங்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் ஊர் வேறு, காலனி வேறு. ஊருக்குப் போகிறேன் என்று இங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு விமானம் ஏறுகிறவள், அந்த ஊரில் ஒரு நாளும் குடியிருந்ததில்லை. அங்கே பணத்தை நீட்டினாலும் எனக்கு யாரும் மனை விற்க மாட்டார்கள். எந்தத் தெரு என்று யாரும் கேட்காத இடம்தான் எனக்கு நல்ல லொகேஷன்.

அக்காவுக்குப் போன் செய்து, "அங்க ஒரு வீடு வாங்கலாம்னு இருக்கோங்க்கா" என்றேன். அக்கா என்றால் ரெஜினா அக்கா. அம்மா போனபோது நான் பள்ளிக்கூடத்துச் சிறுமி. சத்துணவுக் கூடத்தில் சமைத்து என்னை நர்சிங் படிக்க வைத்தவள் அவள். பெண் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் தங்கச்சி படிக்கட்டும் என்று சொல்லிச் சொல்லியே அவள் வயது போய்விட்டது. அப்பாவும் காலமான பிறகு அந்த இரண்டு அறையில் தனியாக இருக்கிறாள். நான் சொன்னதைக் கேட்டு "மாதாவே" என்றாள். கோயிலில் மட்டும் வருகிற குரல் அது. நான் எதையும் மறைக்கவில்லை. லீவுக்கு வந்து போகிற வீட்டுக்கென்று தமிழில் தனியாக ஒரு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை, அதனால் வீடு என்று மட்டும் சொன்னேன். எங்கள் ஜனங்கள் வீடு என்று கேட்டால் எப்போது குடி வருவது என்றுதான் அடுத்து நினைப்பார்கள் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

அடுத்த கிறிஸ்துமஸ் லீவுக்கு எங்கள் மகள் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போனோம். தரகர் குமார் காரோடு வந்தார். அக்கா கிறிஸ்துமஸுக்கு எடுத்த புதுப்புடவையைக் கட்டிக்கொண்டு முன்னாலேயே தயாராக நின்றாள். முதலில் பொம்மையார்பாளையம். மாடி பால்கனியில் நின்றால் கடல் முழுசாகத் தெரிந்தது. கட்டுமரம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பிடித்துவிட்டது. அக்கா கடலைப் பார்க்கவில்லை, கீழே அலை அரித்துப் போட்டிருந்த சுவரைப் பார்த்தாள்.

"பாப்பா ஸ்கூலுக்கு இங்கேர்ந்து எப்டிப்பா போறது? வேன் வருமா?" என்று குமாரிடம் கேட்டாள்.

"ஸ்கூல் இன்னாத்துக்குக்கா? சனி ஞாயிறு ஆனா மெட்ராஸ்காரங்க வந்துகினே இருப்பாங்க. கெஸ்ட் அவுஸா வுட்டுடலாம்."

அக்கா அதை ஏதோ தமாஷ் என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அடுத்தது குயிலாப்பாளையம். செம்மண் சுவர், ஓட்டுக் கூரை, சுற்றிலும் முந்திரி மரம். பக்கத்து வீட்டில் ஒரு பிரெஞ்சுக்காரர் நாய்க்குட்டியோடு பேசிக்கொண்டிருந்தார். சேவியர் ஊஞ்சலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. இதைத்தானே இத்தனை நாள் தேடினோம் என்று இருந்தது எனக்கு. அக்கா மோட்டாரைப் போட்டுப் பார்த்தாள், கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். "இவுரு வேலைக்குப் போய்ட்டா நீயும் பாப்பாவும் தனியா இருக்கணுமேடி. அவசரத்துக்கு ஒரு ஆட்டோ கூட கெடைக்காது போலக்கீது" என்றாள். வேலைக்கு என்று அவள் சொன்னதை நான் காதில் வாங்கியும் வாங்காமலும் மரங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

திரும்புகிற வழியில், "திண்டிவனத்துல நானே ஒண்ணு பாத்து வெச்சிகினு இருக்கேன், அதையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடலாம்" என்றாள் அக்கா. புது மனைப்பிரிவு. பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி வீடுகள், ஆளுக்கொரு நிறம். எங்களுடையதாக அவள் முடிவு செய்திருந்தது கிளிப்பச்சை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு ஜன்னல். ஹித்தேக்கு இதைவிட மோசமான லொகேஷன் உலகத்தில் கிடையாது. அக்கா அறை அறையாகக் கூட்டிப்போய்க் காட்டினாள்.

"பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே பூடலாம். கோயிலு அந்தத் தெருவுல. கான்வென்ட் ஸ்கூல்ல சிஸ்டராண்ட சொல்லி வெச்சிருக்கேன், நடுவுல சேத்தாலும் எடுத்துக்குவாங்களாம். ஆஸ்பத்திரி ரெண்டு தெரு தள்ளி. நார்வே நர்ஸுன்னா வேலை குடுக்க மாட்டேம்பாங்களா இன்னா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வாயைத் திறப்பதற்குள் குமார் முந்திக்கொண்டார்.

"இன்னாக்கா நீங்க, வெவரம் தெரியாம பேசிக்கினு. மேடம் வருசத்துக்கு ஒரு வாட்டி லீவுக்கு வந்து தங்கறதுக்குதான் பாக்கறாங்க. வெக்கேஷன் ஹோமு."

"லீவுக்கா?" என்றாள் அக்கா.

சமையல்கட்டில் திறந்து வைத்திருந்த குழாயை மூடிவிட்டு வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். முதன்முதலில் நார்வேக்குப் புறப்பட்டுப் போனபோது ஐந்து வருஷத்தில் திரும்பி வந்துவிடுவேன் என்று நான் சொல்லியிருந்தேன். புலம்பெயர்ந்து போகிற எல்லோரும் சொல்வதுதான். அதற்குப் பிறகு குழந்தை, நிரந்தர உரிமை, கடனில் வாங்கிய பிளாட் என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றையும் நல்ல சேதியாகத்தான் அக்காவிடம் சொன்னோம். திரும்பி வரவில்லை என்கிற சேதியை மட்டும் யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் நாங்கள் அப்படி ஒரு முடிவு எடுத்ததாக எங்களுக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் கேப்பை அடை தட்டினாள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு, கல்லைக் கழுவிக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் பேசினாள்.

"லீவுக்கு வர்றவளுக்கு எதுக்குடி வீடு? இங்க பாயி இல்லியா? வர மாட்டேன்னா வாயால சொல்லக் கூடாதா? வீடு வாங்கித்தான் அத சொல்லணுமா?"

அவள் அழுதிருந்தால் நானும் கூட அழுது கொஞ்சம் ஆறியிருப்பேன். அவள் கல்லைத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டு, பாப்பாவுக்குத் தலைவாரப் போய்விட்டாள். எங்கே வாங்குவது, கடலா தோப்பா என்று இத்தனை மாதம் யோசித்த எனக்கு, வாங்குவதே ஒருத்திக்குச் சாவுச் செய்தி போல ஆகும் என்று தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. நாங்கள் எதையும் வாங்கவில்லை. குயிலாப்பாளையத்து வீட்டை வேறு யாரோ முடித்துவிட்டார்கள் என்று குமார் போன் செய்தார். வருத்தப்படக் கூட வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா பேசினாள். பூசை முடிந்து வந்திருந்தாள், குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. சத்துணவுக் கூடத்தில் புது டீச்சர், பக்கத்து வீட்டில் கன்று ஈன்றது என்று சொல்லிக்கொண்டே வந்தவள், "தளத்து மேல நீட்டிக்கினு இருந்த கம்பிங்கள ஆள் வெச்சி அறுத்துட்டேன்டி. துரு புடிச்சி, மழைத்தண்ணி அது வழியா உள்ள எறங்குது" என்றாள். எங்கள் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேலே இன்னொரு மாடி எழுப்புவதற்காகத் தூண் கம்பிகளை வெட்டாமல் அப்படியே விட்டுவைப்பார்கள். சின்னவள் வந்தால் மேலே கட்டிக்கொள்வாள் என்று அப்பா விட்டுப்போன கம்பிகள் அவை. "துணி காயப்போட அதுலதான் கயிறு கட்டிகினு இருந்தேன். இனிமே அதுக்கு வேற எடம் பாக்கணும்" என்றாள். "சரிக்கா" என்றேன்.

போனை வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். பாப்பா ஓடி வந்து, என்ன ஆயிற்று என்று நார்வேஜிய மொழியில் கேட்டாள். ஒன்றும் இல்லை, நம்ம வீட்டில் ஒரு வேலை நடந்திருக்கிறது என்று தமிழில் சொன்னேன். அவள் உடனே போனாள். சமையலறை, குளியலறை, பால்கனி என்று ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "இங்கே எதுவும் நடக்கவில்லையே அம்மா" என்றாள்.