ஆலா விழுகிற இடம்

நாகபூஷணி ரீச்சரை ஒரு கதிரையில் இருத்திவைக்க நயினாதீவில் யாராலும் முடிந்ததில்லை. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்றுதான் ஊர் சொல்லும். சோற்றுக் கோப்பையைக் கையில் ஏந்தி முற்றத்தில் நடந்து நடந்து சாப்பிடுவாள். வகுப்பிலும் அதே கதை. கரும்பலகையில் ஒரு கணக்கைத் தொடங்கிவிட்டு, கடைசி வாங்கு வரிசை வரை போய், யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் விடையை எழுதுவாள். பெண் பார்க்க வந்தவர்கள் குசினிக்கும் வாசலுக்கும் நடையாய் நடந்த பெண்ணைப் பார்த்துத் தலைசுற்றித்தான் எழும்பிப் போயிருக்க வேண்டும். ஒருவரும் திரும்பி வரவில்லை. அவளுக்கு அதில் பெரிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தாலும், ஓரிடத்தில் நின்று கவலைப்பட அவளுக்கு நேரம் ஏது?

இந்த அந்தரம் அவள் கேட்டு வாங்கியதல்ல. சிறுமியாக இருந்தபோது சண்டை தீவுகளுக்கு வந்தது. தகப்பனார் சந்திரமௌலீசக் குருக்கள் பெண்டாட்டி பிள்ளையோடு யாழ்ப்பாணம் போனார், அங்கிருந்து வன்னிக்குப் போனார். எங்கே பாயை விரித்தாலும் "எழும்பு, வெளிக்கிடு" என்று ஒரு சத்தம் வந்துவிடும். தாயை வன்னியிலேயே எரித்துவிட்டு இருவராய் ஊருக்குத் திரும்பினார்கள். குருக்கள் மேற்குக் கரையிலிருந்த தங்கள் சின்னப் பிள்ளையார் கோயிலைத் திறந்து விளக்கேற்றி, பழையபடி நிலைகொண்டுவிட்டார். மகளால் முடியவில்லை. சத்தம் எப்போதோ ஓய்ந்துவிட்டது, கால்கள் மட்டும் இன்னும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தன.

அவள் கணிதம் படிப்பிப்பது புங்குடுதீவில் ஒரு பள்ளிக்கூடத்தில். அதனால் நாளும் பொழுதும் கடல். காலையில் லோஞ்ச் படகு ஏறி, புங்குடுதீவுக் கரையிலுள்ள குறிகட்டுவானில் இறங்குவாள், பின்னேரம் அதே வழியால் திரும்புவாள். மற்றவர்கள் உள்ளே இறங்கி, டீசல் மணத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள். அவள் மேலே, சுக்கான் பிடிப்பவருக்குப் பக்கத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "விழுந்தா நான் பொறுப்பில்லை ரீச்சர்" என்று அந்த மனிதர் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டார்.

அப்படி நின்ற பழக்கத்தில்தான் ஆலாக்களைக் கண்டாள். கறுப்புத் தொப்பி போட்டாற்போன்ற தலையும் ஒடுங்கிய வெள்ளைச் சிறகும் உள்ள கடற்பறவைகள். சும்மா நாட்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாய், தலையைக் கவிழ்த்துக் கடலைப் பார்த்தபடி திரியும். திடீரென்று ஒன்று கத்தும். அந்தக் கத்தலுக்கு நாலு திக்கிலிருந்தும் மற்றவை வந்து கூடும். கூடிய இடத்தில் தண்ணீர் கொதிக்கிறதுபோல் சலசலக்கும். பிறகு ஒவ்வொன்றாகச் சிறகை மடக்கிக்கொண்டு விழும். கீழே பார்த்தால் ஓங்கில்கள், பள்ளிப் புத்தகத்தில் டொல்பின் என்று இருப்பவை. வட்டம் போட்டுச் சூடை மீனைத் துரத்தி மேலே நெருக்குவது அவை. கீழே பயந்த மீன் மேலே வரும், மேலே வந்ததை ஆலா கொத்தும். ஆலாவுக்குப் பயந்து கீழே போனால் ஓங்கிலின் வாய். சில நாட்களில் ஆலாக்கள் முதலில் கத்தும், தூரத்தில் போன ஓங்கில்கள் திரும்பி வரும். யார் யாருக்குச் சமைக்கிறார்கள், யார் யார் வீட்டு விருந்தாளி என்று ரீச்சருக்கு விளங்கவில்லை. இரண்டு பக்கமும் பசியாறியது, ஒருவரோடு ஒருவர் சண்டை பிடிக்கவுமில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. அதைப் பார்க்கும் கொஞ்ச நேரம் அவளுடைய கால்கூட அசையாது.

அந்தக் கூட்டத்தில் ஒன்றை அவளுக்கு அடையாளம் தெரியும். முதுகுத் துடுப்பில் ஆழமாய் ஒரு வெட்டு. வெட்டுமுதுகி என்று பெயர் வைத்திருந்தாள். வெட்டுமுதுகிக்கு ஒரு குட்டி பிறந்தபோது, வீட்டில் யாருக்கோ பிள்ளை பிறந்த மாதிரி வந்து தகப்பனாருக்குச் சொன்னாள். "நல்லது" என்றார் குருக்கள். அவருக்குக் கடலில் இருப்பதெல்லாம் மீன்தான், மீன் அவருடைய படலைக்கு உள்ளே வராத சாமான்.

மண்ணெண்ணெய் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்ற வருடம் அது. குறிகட்டுவான் இறங்குதுறையில் அன்ரனிதாஸ் தன் பைபர் படகைக் கட்டிவிட்டு, தாடையில் கை வைத்தபடி இருந்தான். புங்குடுதீவுக்காரன், ஐம்பதைத் தொட்டவன். இருக்கிற கொஞ்ச எண்ணெயில் மீனைத் தேடி அலைய முடியாது. இருக்கும் இடம் தெரிந்தால் போய் வரலாம், தெரியாமல் போனால் எண்ணெய் போய்விடும்.

"என்ன ரீச்சர், கடலிலை என்ன புதினம்?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டான்.

"புதினமோ? நெடுந்தீவுப் பக்கம் ஆலா மழை மாதிரிக் கொட்டுது. நீங்கள் இஞ்சை குந்திக்கொண்டிருக்கிறியள்!"

அவன் பாய்ந்து எழும்பிக் கயிற்றை அவிழ்த்ததைப் பார்த்து அவளே பயந்துபோனாள். பின்னேரம் அவள் துறைக்கு வந்தபோது படகு நிறையச் சூடை. அவனுடைய மனைவி யோகம்மா கூடைகளோடு ஓடித்திரிந்தாள். அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாதமாகிவிட்டது!

அன்றிலிருந்து லோஞ்ச் நடுக்கடலுக்கு வந்ததும் ரீச்சரின் போன் அடிக்கும். "ரீச்சர், பறவையோ?" அவள் திசை சொல்லுவாள். மீனைக் கண்டு சொல்பவருக்கு ஒரு பங்கு கொடுப்பது அன்ரனிதாஸின் படகில் வழக்கம். ஐயர் வீட்டுப் பிள்ளைக்கு மீனை எப்படிக் கொடுப்பது? யோசித்துவிட்டு வெள்ளிக்கிழமை தோறும் ஒரு போத்தல் நல்லெண்ணெய் கொண்டுவந்தான். "பிள்ளையாருக்கு" என்றான். அவள் வாங்கினாள். கிறிஸ்தவ வேதக்காரன் கொடுத்த எண்ணெய் என்று வீட்டில் சொல்லவில்லை, மீன் பங்கு என்றும் சொல்லவில்லை. "ஆரோ நேர்த்திக்குத் தந்தது அப்பா" என்றாள். மரக்கறி தவிர வேறெதுவும் தொடாத குடும்பத்துப் பெண் சூடைக்கு வழிகாட்டுகிறாளே என்று அவள் மனம் ஓரிரு முறை குத்தத்தான் செய்தது. யோகம்மாவின் சிரிப்பை நினைத்துச் சமாளித்துக்கொண்டாள்.

அடுத்த சோளகக் காற்று முடியும் தறுவாயில் ஒரு காலை. ஆலாக்கள் கூடி நின்றன, விழவில்லை. கீழே வெட்டுமுதுகி தனியே போய்க்கொண்டிருந்தது. முகத்தால் எதையோ தள்ளித் தள்ளி மேலே உயர்த்தியது. அது வழுக்கிக் கீழே போகும், திரும்பவும் முங்கி எடுத்துக்கொண்டு வரும். லோஞ்ச் கிட்டப் போனபோதுதான் அது குட்டி என்று தெரிந்தது. குட்டி அசையவில்லை. ஆலாக்கள் சுற்றிப் பார்த்தன, மீன் ஒன்றும் மேலே வரவில்லை என்று கண்டதும் கலைந்து போய்விட்டன. தாய் மட்டும் தள்ளிக்கொண்டே போனது.

முதல்நாள் காலை அந்த இடத்தை அன்ரனிதாஸுக்குச் சொன்னவள் ரீச்சர். போன் அடித்தது.

"பறவையோ ரீச்சர்?"

"அன்ரனி அண்ணை, நேற்று வலையிலை ஏதும் பட்டதோ?"

"சூடைதான் ரீச்சர். வேறை என்ன?"

"இண்டைக்குப் பறவை இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மேலே பறவை, கீழே ஓங்கில், பக்கத்தில் வலை. அந்த மூன்றாவதைக் கொண்டுவந்து சேர்த்தவள் தான்தான் என்ற நினைப்பு அவளைப் பிய்த்துத் தின்றது. அந்த வெள்ளிக்கிழமை குருக்கள் சந்தோஷமாய்ச் சொன்னார்: "இந்த எண்ணெய்க்கு விளக்கு நல்லா நிண்டு எரியுது பிள்ளை." அவள் விளக்கைப் பார்க்கவில்லை. கோயில் வீதியைச் சுற்றத் தொடங்கினாள். சுற்றிக்கொண்டே இருந்தாள். மகளுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று அவர் நினைத்திருக்கலாம்.

பிறகு தினமும் அதே பொய். ஆலா கொட்டும், போன் அடிக்கும், "இல்லை" என்பாள். அன்ரனிதாஸ் ஒரு நாளும் ஏன் என்று கேட்கவில்லை. "சரி ரீச்சர்" என்று வைத்துவிடுவான். யோகம்மாவின் கூடைகள் வெறுமையாய் அடுக்கியிருந்தன. ஓங்கிலுக்காகப் பொய் சொல்லி மனிதரின் வயிற்றில் அடிக்கிறேனே என்று இப்போது அந்தப் பக்கத்தாலும் குத்தியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் முள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காற்று இரைந்தது. அன்றைக்கென்று ஆலாக்கள் குறிகட்டுவானுக்கு அணித்தாகவே கூடிக் கொட்டின. வெட்டுமுதுகியும் அதற்குள் நின்றது. குட்டி இல்லாமல், மற்றவற்றோடு சேர்ந்து மீன் வளைத்துக்கொண்டிருந்தது. ரீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. போன் அடித்தது. "இல்லை அண்ணை, ஒண்டுமில்லை" என்றாள்.

"அப்ப மேற்காலை இந்திய எல்லைப் பக்கம் போய்ப் பாக்கிறன் ரீச்சர்."

போகவேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தாள். அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. திரும்ப எடுத்துப் பார்த்தாள், அவன் தூக்கவில்லை. படகில் ஏறினால் அவன் போனைப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்துவிடுவான் என்பது அவளுக்குத் தெரியும்.

அன்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்ன படித்தார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். பின்னேரம் துறைக்கு ஓடினாள். படகு வரவில்லை. யோகம்மா அணைகட்டின் நுனியில் நின்றுகொண்டிருந்தாள்.

"மதியம் வாறவர். உந்தக் காத்துக்கை எல்லைப் பக்கம் ஏன் போனவரோ தெரியேல்லை ரீச்சர். அங்கை இந்திய றோலர் படகுகள் நிக்குது எண்டு எல்லாரும் சொல்லுகினம்."

"வந்திடுவார் யோகம்மா" என்றாள் ரீச்சர். தன் குரல் தனக்கே பொய்யாய்க் கேட்டது. கடைசி லோஞ்ச் கூப்பிட்டது. அதை விட்டால் வேறில்லை, தகப்பனாரும் தனியே. ஏறினாள். மேலே நின்று கடல் இருளும்வரை மேற்கையே பார்த்துக்கொண்டு போனாள். அன்றிரவு படுக்கவுமில்லை, இருக்கவுமில்லை. பிள்ளையாரே, அந்த மனிதனைக் கொண்டுவந்து விடு, உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று நேர்ந்தாள்.

விடிய முதல் லோஞ்சில் குறிகட்டுவான் வந்தபோது படகு நின்றது. வலையில் பாதிதான் இருந்தது. அன்ரனிதாஸ் அதைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். கண் இரண்டும் சிவந்து, உதடு உப்பில் வெடித்திருந்தது.

"றோலர் வலையை இழுத்துக்கொண்டு போட்டுது ரீச்சர். மிசினும் நிண்டிட்டுது. விடியக்காத்தாலை ஒரு நெடுந்தீவுப் படகு கட்டியிழுத்துக்கொண்டு வந்தது." யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னான்.

லோஞ்சில் வந்தவர்கள் பஸ்ஸுக்கு ஓடினார்கள். ரீச்சர் ஓடவில்லை. அவன் முன்னால் நின்றாள்.

"அன்ரனி அண்ணை, நேற்றுப் பறவை நிண்டது. நான் பொய் சொன்னனான். இவ்வளவு நாளும் பொய்தான் சொன்னனான்."

அவன் சிக்கிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"தெரியும் ரீச்சர்."

"தெரியுமோ?"

"நேற்று இந்த அணைகட்டிலை நிண்டே கண்டனான். உதிலைதானே கொட்டினது. குருடனுக்கும் தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ எல்லைக்குப் போனனீங்கள்? ஏன் அண்ணை?"

அவன் கைகள் நின்றுவிட்டன. "அண்டைக்குக் கேட்டனீங்கள், வலையிலை ஏதும் பட்டதோ எண்டு. பட்டது. அந்தக் குட்டி. அறுத்து எடுக்கிறதுக்கிடையிலை முடிஞ்சுபோச்சு. தாய் படகைச் சுத்திச் சுத்தி வந்தது ரீச்சர். வந்து பக்கத்திலை நிண்டு ஊதுது. நான் என்ன செய்ய? குட்டியைத் தண்ணியிலை விட்டன். அது கொண்டு போட்டுது." கையின் பின்பக்கத்தால் முகத்தைத் துடைத்தான். "வீட்டிலை அடுப்பு எரிய வேணும். ஆலா விழுறதைக் கண்டிட்டு வலை போடாமல் திரும்ப என்னாலை ஏலாது, அது பிறவிக் குணம். ஆராவது பறவை இல்லையெண்டு சொன்னாத்தான் விட்டிட்டுப் போகலாம். நீங்கள் சொன்னனீங்கள். அதுதான் ஒவ்வொரு நாளும் எடுத்துக் கேட்டனான்."

ஒவ்வொரு காலையும் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத் தான் துடித்ததும், அந்தப் பொய்க்காகவே இவன் போன் எடுத்ததும் சேர்ந்து ரீச்சரை என்னவோ செய்தது. அவனுக்கு எதிரே வலைக் குவியலுக்குப் பக்கத்தில், ஈரச் சீமெந்தில், சேலையோடு அப்படியே இருந்துவிட்டாள்.

"ரீச்சர், சேலை! மீன் மணம் பிடிக்கப்போகுது" என்று பதறினான் அன்ரனிதாஸ்.

"பிடிக்கட்டும்" என்றாள். வலையின் ஒரு நுனியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, முதல் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். பஸ் இரண்டு முறை ஹோர்ன் அடித்தது. அவள் எழும்பவில்லை.