எஸ்தர் மிஸ்ஸின் போனுக்குப் போகும் ஓடிபி

இதை யாருக்கும் காட்டாதீர்கள். ஷேர் வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், கீழே என் பெயரை எழுதி ஆறுதல் சொல்லவும் வேண்டாம். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

எஸ்தர் மிஸ் இறந்துவிட்டார். இன்று மதியம்... நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

மிஸ்ஸிடம் படித்தவர்களுக்கும் என் கிளாஸ்மேட் நாலு பேருக்கும் மட்டும் தெரிகிற மாதிரி போடுகிறேன். அந்த நாலு பேருக்காக: மிஸ் உத்திரமேரூர் பக்கத்து ஸ்கூல்களுக்கு ஸ்கூட்டியில் வாரம் ஒருநாள் வரும் ஸ்பெஷல் டீச்சர். கண் தெரியாத, காது கேட்காத, நடக்க முடியாத பிள்ளைகளின் டீச்சர். பிளஸ் டூ முடிந்ததும் விட்டுவிட மாட்டார். காலேஜில் சேர்த்து, அங்கே நமக்கு என்ன வேண்டுமோ அதைக் கேட்டு வாங்கும் வரை கூடவே வருவார்.

எனக்குக் காது சரியாகக் கேட்காது. நாலு பேருக்கும் இது புதுச் செய்தி.

பத்தாவதில் கண்டுபிடித்தது மிஸ்தான். தனியாகக் கூப்பிட்டு, "எல்லாரும் சிரிச்சு முடிச்சப்பறம் நீ சிரிக்கிற. இன்னா ஜோக்கு, சொல்லு பாப்போம்?" என்றார்.

அட்டெண்டன்ஸ் நோட்டை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசினார். உதடு மறைந்ததும் எனக்கு எல்லாமே போய்விட்டது. நோட்டை இறக்கி, "உன்ன கயுதன்னு திட்டினேன். கோவமே வர்லியே உனுக்கு!" என்றார். அன்றைக்குத்தான் மிஸ் சிரித்த அதே நேரத்தில் நானும் சிரித்தேன்.

காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தார். அம்மா தினமும் காதை மூடுகிற மாதிரி முடியை இறக்கிவிட்டுத்தான் இரட்டைச் சடை பின்னுவாள். அக்காவுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தங்கைக்குக் காது கேட்காது என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டில் பின்வாங்கிவிடுவார்களாம்.

"பெரியவ கயுத்துல தாலி ஏறட்டும். அது வரிக்கும் அந்த மிஷினு பேச்சே வூட்ல வரக்கூடாது. காதுல வுயுந்துச்சா?" அப்பா இதை மூன்று தடவை சொன்னார். முதல் தடவையே விழுந்தது.

மாற்றுத்திறனாளி கார்டுக்கு அப்ளை பண்ணப் போனது அப்பாவுக்குத் தெரியாது. அக்காவுக்குப் பட்டு விலை பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு அம்மா என்னைக் காஞ்சிபுரம் கூட்டிப் போனாள். ஆஸ்பத்திரியில் காது டெஸ்ட் முடிந்ததும், அங்கே வந்திருந்த மிஸ் எங்களை நிஜமாகவே பட்டுக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். "இன்னா வெலன்னு உங்க வூட்டுக்காரரு கேட்டா இன்னா சொல்லுவ? பொய் சொன்னா அத்த ஒயுங்கா சொல்லணும்மா." மூன்று கடை ஏறி இறங்கினோம். ஒரு அரக்குப் புடவையை அம்மா தடவிக்கொண்டே இருந்தாள்.

ஃபார்மில் அப்பா நம்பரைப் போட்டால் மெசேஜ் வந்து மாட்டிக்கொள்வோம். அதனால் மிஸ் தன் நம்பரையே போட்டார். வந்த கார்டும் அவர் வீட்டு பீரோவில்தான் இருக்கிறது. ஆன்லைனில் எடுக்கலாமே என்று சொல்லாதீர்கள். ஓடிபி மிஸ்ஸின் போனுக்குத்தான் போகும்.

சாயங்காலம் அந்த நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். யாரோ எடுத்தார்கள். பின்னால் அழுகைச் சத்தம். வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலேஜில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஸ்பெஷல் கவுன்சிலிங். கார்டு ஒரிஜினல் இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள். ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போகிறோம் என்று அம்மா அதற்கும் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருக்கிறாள்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு ஸ்கூல் வாட்டர் டேங்க் பக்கத்தில் மிஸ் எனக்கு டிரெயினிங் கொடுத்தார். அவர்தான் புரொபசர். நான் போய், "எனக்குக் காது கேட்காது சார், போர்டைப் பார்த்துப் பேசாமல் என்னைப் பார்த்துப் பேசுங்கள், நோட்ஸ் கொடுங்கள்" என்று கேட்க வேண்டும்.

"இன்னாமா, உனுக்குன்னு தனியா கிளாஸ் எடுக்கணுமா?" என்று குரலைக் கட்டையாக்கி மிரட்டுவார்.

"சாரி சார்..."

"ஸ்டாப். சாரி எதுக்கு? இன்னா தப்பு பண்ணிட்ட நீ? திரும்பப் போய் வா."

எட்டு தடவை போய் வந்தேன். எட்டு தடவையும் சாரி சொன்னேன். "பரவால்ல, காலேஜ் தொறக்கறதுக்குள்ள வந்துடும்" என்றார். வரவில்லை மிஸ்...

அடக்கம் நாளைக்குப் பதினோரு மணிக்கு, திருமுக்கூடலில். அக்காவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை வீடும் அங்கே மிஸ் வீட்டுத் தெருவில்தான்.

"போவாதடி," என்று அம்மா அழுதாள். "எதுர் வூடுடி அவங்க. அந்த டீச்சர் எந்தப் பசங்களுக்கு டீச்சருன்னு ஊருக்கே தெரியும். நீ இன்னாத்துக்கு அங்க அழுதுகினு நிக்கறன்னு கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?"

மிஸ்ஸுக்காக அழுதாலே நான் யாரென்று தெரிந்துவிடும். அழாமலும் இருக்க முடியவில்லை. நெல் மூட்டை அடுக்கிய ரூமில், துப்பட்டாவுக்குள் அக்காவின் பழைய போனை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ராத்திரியில் மெஷினைக் கழட்டிவிடுவேன். இன்றைக்குக் கழட்டவில்லை. யாராவது வந்தால் தெரிய வேண்டும்.

உங்களில் யாராவது நாளைக்குப் போனால், மிஸ் வீட்டில் சொல்லி என் கார்டை வாங்கி வர முடியுமா என்று கேட்கத்தான் எழுத ஆரம்பித்தேன்.

வேண்டாம். நானே வருகிறேன். முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு வருகிறேன்.

மிஸ், ஒன்பதாவது தடவை... உங்கள் முன்னால் நின்று சொல்கிறேன். சாரி இல்லாமல் சொல்கிறேன். எனக்குக் காது

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா