கொக்கைச் சுற்றிய கொடி

அந்த அச்சகத்தில் அவளுக்குப் பார்டர் அக்கா என்று பெயர். விருதுப் பத்திரம், பாராட்டுச் சான்றிதழ் எதுவானாலும் நான்கு ஓரமும் அவள் கைவேலைதான். மூலை திரும்பும் இடத்தில் கொடி ஒடியாமல் வளைய வேண்டும். அதில் அவளை அடிக்க ஆளில்லை.

பக்கத்து மேசைக்காரன் அவளுக்கு இளையவன். நகராட்சிக்குப் புதுச் சின்னம் வேண்டுமென்று போட்டி வைத்தபோது இருவருமே வரைந்து அனுப்பினார்கள். அவளுடைய பாலம் தோற்றது, அவனுடைய ஒற்றைக்கால் கொக்கு ஜெயித்தது. அன்றிலிருந்து அவன் பெயரே கொக்கு ஆகிவிட்டது.

தோற்றதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். போகிற இடமெல்லாம் அந்தக் கொக்கைப் பார்த்துத் தொலைக்க வேண்டியிருந்ததுதான் கொடுமை. பஸ்ஸில் கொக்கு, தண்ணீர் லாரியில் கொக்கு. தெருமுனைக் குப்பைத்தொட்டியில் அதைப் பார்க்கும்போது மட்டும் மனசுக்குக் கொஞ்சம் குளிர்ச்சி.

"அந்தக் கழுத்து வளைவு சரியே இல்ல, கவனிச்சீங்களா?" என்பாள் கணவனிடம்.

"கொக்கே ஒண்ணும் சொல்லல. நீ ஏம்மா துள்ளுற? சாப்பிடு, ஆறுது."

இந்த லட்சணத்தில், நகராட்சி கொக்குக்குச் சிறந்த கலைஞர் விருது அறிவித்தது. சான்றிதழ் அச்சடிக்கும் வேலை இவர்கள் அச்சகத்துக்கே வந்தது.

"பார்டர நீங்களே போட்டுடுங்கம்மா," என்றார் மேலாளர். எரிகிற நெருப்பில் எண்ணெய்.

அவள் மறுக்கவில்லை. ஒரு யோசனை வந்திருந்தது. வழக்கமாக விரலகலம் போடும் ஓரத்தை இந்த முறை உள்ளங்கை அகலத்துக்குப் போட்டாள். கொடிக்குள் கொடி, இலைக்குள் நரம்பு, பூவுக்குள் மகரந்தம். பார்க்கிறவன் கண் ஓரத்திலேயே மாட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் கொக்கும் அவன் பெயரும் கிணற்றுக்குள் விழுந்ததுபோல் கிடக்க வேண்டும். வரைய வரைய நெஞ்சு எரிந்தது. கோடு மட்டும் பிசகவே இல்லை.

விழாவில் தலைவர் சான்றிதழைத் தூக்கிக் காட்டியதும் கூட்டத்தில் சலசலப்பு.

"பேரு எங்கய்யா இருக்கு? பூதான் தெரியுது!" என்று முன்வரிசையில் ஒருவர் சிரித்தார்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். கொக்கு மைக்கைப் பிடித்தான்.

"இந்த ஓரத்தப் பாருங்க. எங்க அக்கா போட்டது. இவ்ளோ வருஷத்துல அவங்க யாருக்கும் இப்படிப் போட்டதில்ல. எனக்காகப் போட்டிருக்காங்க. விருதவிட எனக்கு இதுதான் பெருசு."

கைதட்டல் மண்டபத்தை நிறைத்தது. அவனுடைய அம்மா எழுந்து வந்து இவள் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்யமாட்டாம்மா."

திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். வாயைத் திறக்க முடியுமா? சிரித்து வைத்தாள்.

வீட்டுக்கு வந்து கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

"சரி, உண்மையச் சொல்லு. நல்லா வந்திருந்துச்சா?"

"நான் போட்டதுலயே அதுதான் நல்லது," என்றாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. "அதப் போய் அவன் வீட்டுச் சுவத்துல மாட்டப் போறாங்களே!"

அடுத்த மாதம், எல்லா விருதுக்கும் அதே ஓரம்தான் வேண்டும், கொஞ்சம் ஒல்லியாக்கிக் கொடுங்கள் என்று நகராட்சி கேட்டது. ஒல்லியாக்கிக் கொடுத்தாள். பொறாமை போய்விட்டதா என்றால், எங்கே போகிறது? ஆனால் கொக்கு இப்போதெல்லாம் எதை வரைந்தாலும் முதலில் அவள் மேசைக்குத்தான் கொண்டுவருகிறான். "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்கிறான். அவளும் ஒரு குறை விடாமல் சொல்கிறாள், மனசார.