நன்றியுரையின் கடைசி வரி

கேலி இலக்கியம் நடத்தும் நாட்களில் ஹேமநாதன் சார் முதலில் வராந்தா பக்கத்து ஜன்னலைச் சாத்துவார். பதினோரு ஆண்டுகளாக இதுதான் பழக்கம். மாணவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். "ஜன்னல சாத்திட்டாரு. இன்னைக்கு எந்த வைபி மாட்டுனாருன்னு தெரியல லா." மக்கள் பிரதிநிதிகளை அங்கே வைபி என்பார்கள்.

புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் மகன் அவர். குடும்பத்தில் முதல் பட்டதாரி. அதிகாரத்தில் இருப்பவர்களைத் திட்டினால் துரத்துவார்கள், புகழ்வது போலச் சொன்னால் உட்கார்ந்து கேட்பார்கள் என்று வகுப்பில் சொல்வார். அவர் எந்த மேடையிலும் அதைச் செய்து பார்த்ததில்லை.

சென்ற ஆண்டு, பள்ளியின் இறுதி வகுப்பான படிவம் ஐந்தில் படித்த ரூபினி குடியிருக்கும் தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டி திறக்கச் சட்டமன்ற உறுப்பினர் வருவதாக இருந்தது. தொட்டி வந்துவிட்டது, அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய் வரவில்லை. நன்றியுரை ரூபினியின் தலையில் விழுந்தது. 'வெயிலுக்கு ஒதுங்க நல்ல நிழல் தந்தீர்கள்' என்று எழுதிச் சாரிடம் காட்டினாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பென்சிலை எடுத்துக் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: 'இதே போன்ற தொட்டி ஐயாவின் வீட்டிலும் அமைய வாழ்த்துகிறோம்.' அப்படியே படிக்கச் சொன்னார்.

நிழல் வரிக்குச் சட்டமன்ற உறுப்பினரே கை தட்டினார். கடைசி வரிக்குக் கூட்டம் சிரித்தது. அவர் கை நின்றுவிட்டது. மாலைக்குள் அந்தக் காணொளி யான் ஊரிலிருந்து ஜித்ரா வரை கைப்பேசிகளில் ஓடியது.

திங்கட்கிழமை பள்ளியில் விசாரணை. பள்ளி முதல்வர் முதலில் ஹேமநாதனைத்தான் கேட்டார். அவர் மனைவி திலகாவுக்கு அப்போது ஏழு மாதம். தண்டனையாகக் கடல் தாண்டிச் சபா உட்பகுதிக்கு மாற்றல் வந்தால் என்ன செய்வது என்று நினைத்து முடிப்பதற்குள், அந்த உரையைத் தாம் பார்க்கவே இல்லை என்று அவர் வாய் சொல்லிவிட்டது. பிறகு ரூபினியை அழைத்தார்கள். ஹேமநாதன் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

"நான்தான் எழுதுனேன். யாரும் சொல்லித் தரல."

பள்ளிச் சான்றிதழில் அவள் நடத்தை திருப்தியில்லை என்று எழுதினார்கள். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்புக்கான மெட்ரிகுலேஷன் கல்லூரி இடமில்லை என்று கைவிரித்தது. மேல்முறையீட்டுக்கு ஆசிரியர் ஒருவரின் கடிதம் வேண்டும். கையுறைத் தொழிற்சாலைச் சீருடையோடு அவள் அம்மா உமாராணி வந்து நின்றார்.

"சார், ஒங்க பாடத்துல எப்பவும் ஏ எடுக்கிற புள்ள. என்ன நடந்துச்சுன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குறா. நீங்க ஒரு லெட்டர் மட்டும் குடுங்க."

"எழுதுறேன்க்கா."

ஆறு முறை எழுதினார். நல்லவள், உழைப்பாளி, பெரியவர்களை மதிப்பவள். ஒவ்வொரு தாளிலும் புகழ்ச்சி நிறைந்தது. அந்த வரி என்னுடையது என்று நேராக எழுத மட்டும் கை வரவில்லை. இத்தனை ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கற்பித்தது தைரியமா, ஒளிந்துகொள்ளும் வித்தையா என்று தம்மையே கேட்டுக்கொண்டார். கெடுவன்று ஆறாவது கடிதத்தை அனுப்பினார். முறையீடு தள்ளுபடியானது.

ரூபினி இப்போது அம்மாவின் தொழிற்சாலையில்தான் வேலை செய்கிறாள். போன மாதம் பசாரில் எதிரே வந்தாள்.

"சார், நல்லா இருக்கீங்களா? பாப்பா நல்லா இருக்கா?"

அந்தக் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினார். இல்லை. உண்மையாகவே விசாரித்தாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நல்லா இருக்கேன்ம்மா என்றார். அவள் கீரைக் கட்டோடு போய்விட்டாள்.

விசாரணை அறையில் அவர் சொல்லியிருக்க வேண்டிய 'எழுதியது நான்' என்ற இரண்டு சொற்கள் அவளுக்கு இன்னும் பாக்கி.