மூன்று படைக்கும் ஒரே தளபதி

என்னைத் தளபதியாக்கியதற்கு ஒரே காரணம், அந்த மண்டபத்தில் என்னை யாருக்கும் தெரியாது என்பதுதான்.

என் தம்பியின் மனைவி கியூபெக்கில், ரொக்ஸ்பரோவில் இருக்கிறாள். யாழ்ப்பாணத்துக்காரி, கணக்காளர். ஆனால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவளுக்கு வேறொரு நாடு உண்டு. உலகப் படத்தில் இல்லாத தீவு நாடு. அதற்குக் கொடி, நாடாளுமன்றம், முப்படை எல்லாவற்றையும் ஒரு கூட்டம் ஆட்கள் சேர்ந்து கற்பனையில் உண்டாக்கி, ரயில் நிலையத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் கூடி நாள் முழுக்க விளையாடுவார்கள். ஒருவர் பிரதமர், ஒருவர் விமானப்படை, அடுத்த அறையில் இருப்பவர்கள் எதிரிகள். எந்தத் திட்டம் பலித்தது, எது பலிக்கவில்லை என்று நடுவர் ஒருவர் பகடை உருட்டித் தீர்ப்புச் சொல்வார்.

“மச்சாள், இந்தமுறை ஆள் காணாது. ஒருக்கா வாங்கோவன்” என்றாள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம்.

“எனக்கு இந்தப் படை விளையாட்டெல்லாம் சரிவராதுகா.”

காரணம் அவளுக்குத் தெரியும். நான் மட்டக்களப்பில் வளர்ந்தவள். தெருவில் பச்சை உடுப்பைக் கண்டால் நிலத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கப் பழகிய பிள்ளைகள் நாங்கள். கொமாண்டோ என்ற சொல்லையே வீட்டில் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வோம்.

“அது வேற, இது வேற. இதில ஒருத்தரும் சாகிறேல்லை” என்றாள் மச்சாள். போனேன்.

காலையிலேயே பிரதமர் அறிவித்தார். ஆற்று முகத்துவாரத்தில் ஒரு பயணிகள் கப்பலை ஆயுதக் குழு பிடித்துவிட்டது. மீட்கவேண்டும். ஆனால் தரைப்படைக்கும் கடற்படைக்கும் விமானப்படைக்கும் தனித்தனிக் கொமாண்டோக்கள். போனமுறை விளையாடியபோது ஒருவருக்கொருவர் சொல்லாமல் இறங்கி, சொந்த ஹெலிகொப்டரையே சுட்டு விழுத்தியிருந்தார்கள். அதனால் இன்றிலிருந்து மூன்றையும் சேர்த்து ஒருங்கிணைந்த சிறப்புப் படைக் கட்டளையகம். ஒரே தளபதி.

தளபதியாக வரவேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அங்கே தொடங்கியது சண்டை. தரைப்படைக்குத் தலைவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கியூபெக்காரர், பெரிய மீசை. விமானப்படைக்கு ஹெயிட்டி நாட்டு ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தி. கடற்படைக்கு என் மச்சாள். மூன்று பேருமே மற்ற இரண்டு பேருக்குக் கீழே வேலை செய்யமாட்டோம் என்றார்கள். பிரதமர் களைத்துப்போய் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் கோப்பிக் கோப்பையோடு நான்.

“அந்த மேடமைப் பற்றி உங்களில் யாருக்காவது குறை இருக்கிறதா?”

என்னைப் பற்றிக் குறை சொல்ல அவர்களிடம் எதுவுமே இல்லை. மச்சாள் மட்டும் வாயைத் திறந்து பிறகு மூடிக்கொண்டாள்.

தளபதிக்கென்று ஒரு சிவப்புத் தொப்பி வைத்திருந்தார்கள். அதை வாங்கினேன், தலையில் வைக்க மனம் வரவில்லை. மேசையில் விரித்திருந்த வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, “கப்பல் எங்க நிற்குது?” என்று கேட்டேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்கே தெரியவில்லை. பல் வைத்தியசாலை வரவேற்பு மேசையில் நாள் முழுக்க “பொன்ஜூர், கொஞ்சம் இருங்கள்” என்று மெதுவாகப் பேசுகிறவள் நான். அரை மணி நேரத்தில் மேசையில் கையால் அடித்துக்கொண்டு நின்றேன்.

ஏனென்றால் மீசைக்காரர் என்னைக் கேட்காமலே தன் ஆட்களை மேற்குக் கரை இறங்குதுறைக்கு அனுப்பிவிட்டார். கப்பலைப் பிடித்தவர்கள் கண்டுவிட்டார்கள். இனி ஒருவர் அசைந்தாலும் பயணிகளுக்கு ஆபத்து என்று மிரட்டல் வந்தது.

“யாரைக் கேட்டு அனுப்பினீர்கள்?”

“மேடம், தரைப்படை எப்போதும்...”

“இங்கே தரைப்படை என்று ஒன்றும் இல்லை. இப்போது இருப்பது ஒரே படை. அது என் படை!”

பிரெஞ்சில் அப்படி ஒரு வசனம் எனக்குள் இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரியும். தாதி கைதட்டினாள். மீசைக்காரர் முகம் சிவந்து, பிறகு, “வி, ஜெனரால்” என்றார். சரி தளபதி என்று. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

தெரிந்துவிட்ட ஆட்களை அங்கேயே விட்டோம். கப்பலைப் பிடித்தவர்கள் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். அதே இறங்குதுறைக்கு அடியிலிருந்து மச்சாளின் சுழியோடிகள் தண்ணீருக்குள்ளால் போய்க் கப்பலில் ஏறவேண்டும். அவர்கள் ஏறிய பிறகே ஹெலிகொப்டர் வரவேண்டும். முந்தினால் எல்லாம் கெட்டுவிடும்.

ஒரேயொரு சிக்கல். கடற்படை மேசை வெளியே, தாழ்வாரத்தில். அங்கே வோக்கி-டோக்கியில்தான் கதைக்கலாம், எதிரி அணியும் அதைக் கேட்கலாம். அதனால் தமிழில் கதைத்தேன்.

“நீ முதல்ல இறங்குகா. ஹெலி மறுகா வரும்.”

“ஓம் மச்சாள், விளங்குது.”

மறுகா என்றால் மட்டக்களப்பில் பிறகு என்று பொருள். மச்சாள் கலியாணம் முடித்து வந்த காலத்திலிருந்தே அதைச் சொல்லி என்னைக் கேலி செய்வாள். அவள் பேந்து என்பாள்.

சற்று நேரத்தில் நடுவர் எதிரி அறையிலிருந்து வந்து, வரைபடத்தில் கப்பலின் மேற்குப் பக்கத்தில் நின்ற பிளாஸ்டிக் காவலர்களை ஒவ்வொருவராகத் தூக்கிக் கிழக்குப் பக்கத்தில் வைத்தார். யாரும் இல்லாத நாணற்கரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்! எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாதி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“சுழியோடிகள்” என்றார் நடுவர். பகடை உருண்டது. ஏறிவிட்டார்கள். இன்னொருமுறை உருண்டது. மாலுமி அறை எங்கள் கையில். “இப்ப! இப்ப வா!” என்று நான் கத்தினேன், தாதி ஹெலிகொப்டரைத் தூக்கிக்கொண்டு ஓடியே வந்தாள். கடைசிப் பகடையோடு பயணிகள் எல்லாரும் இறங்குதுறையில் நின்றார்கள். மீசைக்காரரின் ஆட்கள்தான் கைகொடுத்து இறக்கினார்கள்.

மண்டபம் அதிர்ந்தது. யாரோ என்னைத் தூக்கப் பார்த்தார்கள். அந்தச் சத்தத்துக்குள் நடுவர் ஒரு சுழியோடியை வரைபடத்திலிருந்து எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டார். நான் கண்டேன். வெறும் பிளாஸ்டிக்தான். ஆனாலும், “அவர் எங்க போறார்?” என்று கேட்டுவிட்டேன். “ஒருவர் திரும்பவில்லை, ஜெனரால்” என்றார் அவர். நான் அந்தச் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே வந்த மச்சாள் அதைக் கண்டு என் தோளில் கைபோட்டாள்.

ரோல்ஸும் தேநீரும் வந்தபோது எதிரி அணியிலிருந்து ஒரு சென்னை எஞ்சினியர் என்னைத் தேடி வந்தார்.

“அக்கா, ஹெலி மறுகரைக்கு வரும்னுதானே சொன்னீங்க? நான் என் காதால கேட்டேன்!”

“மறுகரை இல்லை தம்பி. மறுகா.”

“அப்படின்னா?”

“பிறகு.”

அவர் தலையில் கைவைத்து அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். தமிழ் தெரியும் என்று பெருமையாகச் சொல்லித்தான் காவலர்களைக் கிழக்கே மாற்றவைத்திருக்கிறார். அவருடைய அணித் தலைவி தூரத்திலிருந்து அவரை முறைத்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. மச்சாளோ, “பேந்து எண்டு சொல்லியிருந்தா நாங்கள் தோத்திருப்பம்” என்று முதன்முறையாக ஒத்துக்கொண்டாள்.

பிரதமர் வெற்றி உரை நிகழ்த்தினார். எல்லாம் தன்னுடைய தூரநோக்கு என்றார். மீசைக்காரர் பயணிகளைக் காப்பாற்றியது தரைப்படை என்றார். தாதி குறுக்கே பாய்ந்தாள். பழையபடி சண்டை.

மச்சாள்தான் என்னை செயின்ட்-மிஷேலில் உள்ள என் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவதாக இருந்தது. காருக்குள் ஏறியதிலிருந்து வாய் மூடவில்லை இருவரும். ஹெலியை இன்னும் தாழப் பறக்கவிட்டிருக்கலாமா, அந்த ஒரு சுழியோடியைக் காப்பாற்ற வழி இருந்ததா என்று கதைத்துக் கதைத்துத் திருப்பத்தைத் தவறவிட்டோம். பார்த்தால் பாலம் தாண்டி இல்-பிசார் தீவுக்குள் போய்க்கொண்டிருக்கிறோம். தெருக்களில் ஒரு சனமில்லை.

“திருப்புகா.”

“ஏன் திருப்புவான்? கோடையில இங்கயிருந்து அக்கரையில இருக்கிற லவாலுக்கு ஃபெரி ஓடுது. அதால போவம்.”

சில கார்கள் மட்டும் ஏறக்கூடிய சின்ன ஃபெரி. எங்கள் காரை ஏற்றியதும் இறங்கி வெயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மச்சாள் எட்டித் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு மேலே கம்பியின் உயரத்தைக் கண்ணால் அளந்தாள்.

“இதில ஏறுறது லேசு மச்சாள். பின்பக்கத்தால வரவேணும்.”

“பின்பக்கம் மோட்டர். முன்னால வா” என்றேன்.

டிக்கெட் வாங்க வந்த மனிதர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று.