எட்டு மணிக் கொலையும் நைனாவின் காதும்

இரவு எட்டு மணி நான்கு நிமிடம். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு பிணம். சோபாவுக்கும் கண்ணாடி மேசைக்கும் நடுவில் மல்லாந்து கிடந்தது. அதன் வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“மூச்சு உடறான் பாரு,” என்றார் நைனா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். “புது ஆளு. பழைய பிணமா இருந்தா அடக்கிக்கும்.”

திருப்பதியிலிருந்து நகரிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தேன். நான் வேலை பார்க்கும் பத்திரிகையில் கெஞ்சி வாங்கிய விடுமுறை. பையை இறக்கி வைத்ததை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து தினமும் எட்டு மணிக்கு வந்துவிடும் அத்தை, நைனாவின் தங்கை, நான் உட்காருவதற்காகக் காலை மட்டும் மடக்கிக்கொண்டார்.

“நைனா, சாப்ட்டியா?” என்று அவர் முதுகைப் பார்த்துக் கேட்டேன்.

“வீட்டுக்காரம்மாவோட தம்பி,” என்றார். “அவன்தான் கொன்னான்.”

தொடரில் மூழ்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அம்மா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு என்னை மூலைக்கு இழுத்தார்.

“உங்க நைனாவுக்குக் காது போயிடுச்சுடி.”

நைனா விசைத்தறி மேஸ்திரி. நகரியிலிருந்து புத்தூர் வரைக்கும் எந்தத் தறி மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பைக் இல்லாவிட்டால் அவருக்கு வேலை இல்லை. போன வாரம் புத்தூர் ரோட்டில் பின்னால் வந்த டிப்பர் லாரி ஹாரன் மேல் ஹாரன் அடிக்க, நைனா நடு ரோட்டில் சாமி ஊர்வலம் போல நிதானமாகப் போய்க்கொண்டிருந்தாராம். டீக்கடையில் இருந்தவர்கள் பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னார்கள்.

“திருப்பதிக்குக் கூட்டிக்கினு போயி டெஸ்ட் பண்ணுன்னா கேக்கல. புத்தூர்லயே உழுந்து, அங்கயே கட்டு கட்டிக்கினு வந்தாத்தான் புரியும். வண்டிச் சாவிய எடுத்து ஒளிச்சு வெக்கலாம்னா, அப்பால மனுஷன் சோறு துன்னமாட்டாரு.”

அம்மா சொன்னதை அப்படியே நைனாவிடம் கேட்டேன். முகத்துக்கு நேராக நின்று கேட்டதால் உடனே பதில் வந்தது.

“காது கேக்காதவன், தெனம் யார் கொன்னான்னு பத்தே நிமிஷத்துல சொல்லுவானாடி?”

இது வலுவான சாட்சியமாக இருந்தது. அந்தத் தொடர் இந்தியில் எடுத்தது, குரல் தெலுங்கு, எங்கள் வீட்டில் விமர்சனம் தமிழ். நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஆரம்பித்தது. இன்ஸ்பெக்டரின் தலைமுடி நடுவில் ஒருமுறை நரைத்து, பிறகு மறுபடியும் கறுத்தது. அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினால் துப்பு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். ஆய்வுக்கூடத்தில் எதை ஊற்றினாலும் நீலமாக மாறும். முதலில் அழுகிறவர் கொலை செய்திருக்கமாட்டார். போலீசுக்கு காபி வேண்டுமா என்று கேட்பவர் செய்திருப்பார். அத்தைக்கு நடிகர்களின் முகமெல்லாம் பாடம். “இவன் போன வருசம் செத்தான். இப்ப கொல்ற அளவுக்கு வந்துட்டான்,” என்று ஒருநாள் ஒருவனைப் பார்த்து மகிழ்ந்தார்.

நான் துப்புத் துலக்கத் தீர்மானித்தேன். முறை எளிமையானது. விளம்பர இடைவேளையில் நைனா தண்ணீர் குடிக்க எழுந்து போகும்போது ரிமோட்டை எடுத்து ஒலியைக் கொஞ்சம் குறைப்பேன். மறுநாள் இன்னும் கொஞ்சம். எந்த அளவில் அவர் “இன்னா, சத்தமே காணோம்” என்கிறாரோ, அந்த அளவில் அவருடைய காது இருக்கிறது. அம்மாவிடமும் அத்தையிடமும் சொல்லவில்லை. இருவரிடமும் ரகசியம் தங்காது.

சில நாட்களில் ஒலி பூஜ்யத்துக்கு வந்தது.

அன்று ஒரு நகைக்கடைக்காரர் செத்துக் கிடந்தார். நைனா வழக்கம்போல் ஆளைச் சொல்லிவிட்டு முட்டியைத் தடவிக்கொண்டார். ஆக, காது கேட்கவில்லை. வழக்கு முடிந்தது என்று நினைத்துத் திரும்பினேன். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பாவம், இன்னா அழுவ அழுவுறா. இவ கொல்லல.”

“இவ கொல்லல, சரி,” என்றார் அம்மா, அவரைக்காய் நறுக்கியபடி. “ஆனா எதையோ மறைக்கிறா.”

“மாமியார மறைக்கிறா.”

“நீ சும்மா பேசிக்கினே இருக்காத. அவங்க இன்னா சொல்றாங்கன்னு கேக்க உடு.”

டிவியில் ஒலி இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தறிக் கொட்டகை. அதன் சத்தம் மட்டும்தான் எப்போதும்போல் வந்துகொண்டிருந்தது. கொலைகாரன் கடைசியில் தலை குனிந்து உதட்டை அசைத்தபோது மூன்று பேரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். என் சோதனையை நம்பினால், வீட்டில் எனக்கு மட்டும்தான் காது கேட்டது.

மறுநாள் அத்தையோடு மார்க்கெட்டுக்குப் போனபோது கேட்டேன். முன்கூட்டியே எல்லாம் தெரிந்திருந்தும் எதற்காகப் பார்க்கிறீர்கள்?

அத்தை ஒரு கத்திரிக்காயைத் திருப்பிப் பார்த்தார். “தெரிஞ்சதாலதாண்டி பாக்குறேன். தெரியாதது பகல் பூரா கீதே. கரண்ட்டு எப்பப் போவும்னு தெரியல. பெங்களூர்ல இருக்கறவன் எப்ப வருவான்னு தெரியல. எட்டு மணிக்குச் செத்தா எட்டரைக்குப் புடிச்சிடறான். வேற எவன் நமக்கு அப்படிச் செய்யறான்?”

பெங்களூரில் இருப்பவன் அத்தையின் மகன்.

நான் யோசித்தேன். பத்திரிகையில் எனக்குக் குற்றச் செய்திப் பக்கம். காளஹஸ்தியில் நகை பறிப்பு, காணிப்பாக்கத்தில் செருப்புத் திருட்டு, சித்தூரில் கத்திக்குத்து. எல்லாச் செய்தியும் ஒரே வாக்கியத்தில் முடியும்: போலீசார் வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகிறார்கள். அதன் பிறகு என்ன ஆனது என்று எங்களிடம் பெரும்பாலும் செய்தி இருக்காது. நாங்கள் எழுதுவது எல்லாமே தொடரின் முதல் நான்கு நிமிடம். மீதி இருபத்தாறு நிமிடத்துக்கு வாசகர்கள் வேறு இடம் போகிறார்கள் என்றால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

அதற்குள் என் விடுமுறை முடியப்போனது. அம்மா தினமும் காலையில் வாசலில் நின்று, நைனாவின் பைக் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் அதே இடத்தில் நின்று அது திரும்பி வருவதைப் பார்த்தார். நைனா எங்களோடு பேசுவதில் எந்தத் தடுமாற்றமும் இல்லை. முகத்தைப் பார்த்துப் பேசினால் எல்லாவற்றுக்கும் சரியான பதில். முதுகைப் பார்த்துப் பேசினால் கொலைகாரனின் பெயர்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் தொடரில் சிறப்புப் பகுதி, ஒரு மணி நேரம். அத்தை அதற்காகவே சீக்கிரம் சமைத்துவிட்டு வந்திருந்தார். பாவு நூல் தீர்ந்துபோனதால் பக்கத்துக் கொட்டகையில் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். வீடு விசித்திரமாக இருந்தது; நான் பழைய அளவுக்கு ஏற்றிவைத்திருந்த டிவியில் யாரோ செருப்பு தேய்த்து நடப்பதுகூடக் கேட்டது.

பெரிய பங்களா. முதலாளி பிணம். மனைவி, தம்பி, டிரைவர். “தம்பி,” என்றார் நைனா, தலைப்பே முடிவதற்குள். தம்பி காபி வேண்டுமா என்று வேறு கேட்டான்.

கடைசியில் பங்களாவில் விளக்கு அணைந்தது. திரை முழுக்க இருட்டு. வெகுநேரம் இருட்டாகவே இருந்தது. அந்த இருட்டுக்குள் ஒரு பெண் குரல் தெலுங்கில் சொன்னது: “நேனே. நேனே சம்பேசானு.” நான்தான் கொன்றேன் என்று. அது தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நிற்கும் பெண் அதிகாரியின் குரல்.

அத்தை “ஐயோ” என்று வாயைப் பொத்திக்கொண்டார். அம்மாவின் கையிலிருந்து அவரைக்காய் சிதறியது. எனக்கே ஒரு கணம் முதுகு நிமிர்ந்தது.

நைனா மேலே ஃபேனைப் பார்த்தார். அது சுற்றிக்கொண்டிருந்தது.

“கரண்ட்டு கீதே,” என்றார். “டிவிக்கு மட்டும் இன்னா?”

திரையில் வெளிச்சம் வந்தது. பங்களாவில் இருந்த எல்லோரும் பேசாமல் நின்றார்கள். நைனா தம்பியை நோக்கிக் கை நீட்டினார். “பாத்தியா, மொகம் செத்துப்போச்சு. மாட்டிக்கினான்.”

“அண்ணா,” என்றார் அத்தை. “அந்தப் போலீசம்மாதான் கொன்னேன்னு இப்பத்தானே சொன்னா.”

“எப்ப சொன்னா?”

நைனா எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். விசாரணையில் மாட்டிக்கொண்ட ஆள் அப்படித்தான் பார்ப்பான். அம்மா எழுந்து போய் ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

நைனா முதலில் கோபப்பட்டது தொடர் மேல்தான். “அவ எதுக்குடி கொல்றா? அவ போலீசு. இத்தினி வருசமா ஒழுங்காக் கீறவ.” அதைச் சொல்லி முடித்த பிறகுதான் தன் கதைக்கு வந்தார். தறி ஓடும் கொட்டகையில் யாருக்கும் யார் பேச்சும் கேட்காது. உதட்டையும் கையையும் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். பையனாக இருந்தபோதே பழகியது. கொட்டகையில் கேட்காத காது எப்போது வீட்டிலும் கேட்காமல் போனது என்று அவருக்குத் தெரியவில்லை.

“நீங்க பேசுறத வாயப் பாத்துத் தெரிஞ்சிக்குவேன். டிவில இருக்கறவனுங்க இந்திக்கார வாயி, ஒண்ணும் புரியாது. கதைய வெச்சுக்கினுதான் ஓட்டினேன். கதை மாறவே மாறாதே.” டிவியைப் பார்த்துக் கையை விரித்தார்: “இன்னிக்கு மாத்திட்டானுங்க.”

இரண்டு நாள் கழித்து, விடுமுறையை நீட்டிக்கொண்டு, அவரைத் திருப்பதிக்குக் கூட்டிப்போனேன். காது பரிசோதனைக்கு ஒரு கண்ணாடி அறை. சோதிப்பவர் இளம்பெண். நைனாவின் தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போது அமுக்கச் சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு வெளியே தன் இடத்தில் உட்கார்ந்தாள். நைனா உடனே அமுக்கினார். கொஞ்சம் விட்டு மறுபடியும் அமுக்கினார். சீராக, நிதானமாக, நம்பிக்கையோடு அமுக்கிக்கொண்டே போனார்.

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “மேடம், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல,” என்றாள் தெலுங்கில்.

நைனாவிடம் போய்க் கேட்டேன். “அந்தப் பொண்ணு புருவத்தத் தூக்கும்போதெல்லாம் அமுக்கினேன்,” என்றார். “அதுதான் துப்புன்னு நெனச்சேன்.”

அவள் சிரிக்காமல், நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து மறுபடியும் ஆரம்பித்தாள். அதன் பிறகு நைனா வெகுநேரம் பட்டனை அமுக்கவில்லை. கட்டைவிரலை அதன் மேலேயே வைத்துக் காத்துக்கொண்டிருந்தார்.

மறுமுறை போனபோது காதில் மாட்டும் மிஷின் கொடுத்தார்கள். ஊர் திரும்பும்போது பஸ்ஸில் அவருக்கு ஒரே எரிச்சல். “இந்த பஸ்ஸு எப்பவும் இப்படித்தான் கத்துமா?” என்றார். கண்டக்டர் விசிலுக்குத் துள்ளினார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “வளையல் சத்தம்,” என்றார். அம்மா கையை உதறிக்கொண்டு, “பெரிய கண்டுபிடிப்பு,” என்று உள்ளே போனார். போகும்போது வேண்டுமென்றே கொஞ்சம் கையை வீசினார் என்பது என் கணிப்பு.

எட்டு மணிக்கு எல்லோரும் உட்கார்ந்தோம். அந்தப் பெண் அதிகாரி ஜெயிலில் இல்லை. போன வாரம் கொன்றது அவளுடைய சாயலில் இருந்த வேறு ஒருத்தி என்று ஏற்பாடு செய்துவிட்டார்கள். அத்தைக்கு உயிர் வந்தது. இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார்.

“இவனா பேசுறான்?” என்றார் நைனா.

“இன்ஸ்பெக்டர்தான், நைனா,” என்றேன்.

“இது சோப்பு விளம்பரத்துல பேசுறவன் குரலுடி. மூக்கால பேசுறான்.” பல வருடமாகத் தனக்குள் அந்த இன்ஸ்பெக்டருக்கு அவர் ஒரு குரல் வைத்திருந்தார். அது எப்படி இருக்கும் என்று கேட்டேன். பேசிக் காட்ட முயன்றார், வரவில்லை. அதற்குள் அத்தை முதல் சந்தேக ஆளைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். நைனா மெதுவாகத் தங்கையின் பக்கம் திரும்பினார்.

“நீ இவ்ளோ பேசுவியா?”

சாவி விஷயத்தில் ஓர் ஏற்பாடு வந்தது. காலையில் நைனா கிளம்பும்போது அம்மா அவருக்குப் பின்னால் நின்று மெல்லிய குரலில் ஒரு கேள்வி கேட்பார். திரும்பாமல் பதில் சொன்னால் சாவி கிடைக்கும். அதாவது, மிஷின் காதில் இருக்க வேண்டும். முதல் நாள் நானும் பக்கத்தில் இருந்தேன்.

“யார் கொன்னது?” என்றார் அம்மா.

“நீதான்,” என்றார் நைனா, சுவரைப் பார்த்தபடி.

சாவி கைக்கு வந்தது. அவர் புத்தூருக்குப் போனார், வந்தார். அன்றிலிருந்து தினமும் போய் வருகிறார். அம்மா வாசலில் நிற்பதில்லை.

சாயங்காலம் வந்து கைகால் கழுவிச் சாப்பிடும்வரை மிஷின் காதில்தான் இருக்கும். எட்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அதைக் கழற்றி, டப்பாவில் வைத்து மூடிவிடுகிறார்.